சர்க்கரைவள்ளி: எந்த ரகம், எந்தச் சந்தை, சேமிப்பதா உடனே விற்பதா?

சர்க்கரைவள்ளி போடலாம் என்று முடிவெடுத்ததும் பெரும்பாலானோர் கேட்கும் முதல் கேள்வி, "எந்த ரகம் நல்லா விளையும்?" என்பதுதான். அதற்கு முன்பே கேட்க வேண்டியவை இரண்டு உண்டு: யார் வாங்கப் போகிறார்கள், எந்த வாரத்தில் வாங்கப் போகிறார்கள்? சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு விலைக்குக் காத்திருப்பதுபோல இந்தக் கிழங்கை வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது. நம் வெயிலில், சாதாரணக் கொட்டகையில், தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் தாங்குவதில்லை. அதனால் ரகத்தைத் தனியாக எடைபோடுவதில் பயனில்லை. சந்தை, நாள், ரகம் மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கீழே வரும் கணக்குகள் தமிழ்நாட்டில் இறவை வசதியுள்ள ஒரு ஏக்கர் செம்மண் அல்லது மணற்பாங்கான நிலத்துக்கானவை. களிமண்ணில் கிழங்கு கோணலாகத் திரளும், தோண்டும்போது உடையும். அங்கே வேறு பயிர் பார்ப்பது நல்லது.

வெள்ளையா, ஆரஞ்சா, ஊதாவா

தோல் இளஞ்சிவப்பு, உள்ளே வெள்ளை அல்லது வெளிர்மஞ்சள் என்றிருக்கும் கிழங்குதான் எந்த மண்டியிலும் கேள்வி கேட்காமல் போகும். நம் வீடுகளில் இதை வேகவைத்து உரித்துத் தின்பதுதான் வழக்கம். அதற்கு மாவாக உதிரும் கிழங்கு வேண்டும், நீர்த்துப் போகக் கூடாது. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்டவற்றில் இந்த வகைக்குப் பொருந்துபவை ஸ்ரீ பத்ரா, ஸ்ரீ அருண் இரண்டும். ஸ்ரீ பத்ரா 90 நாளில் முடிந்துவிடும். வேர்முடிச்சு நூற்புழு இருக்கும் நிலத்தில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு: புழு வேருக்குள் நுழையும், ஆனால் பெருக முடியாமல் அங்கேயே முடிந்துவிடும். அடுத்து கத்தரியோ தக்காளியோ போடப் போகிறவர்களுக்கு இது பெரிய உதவி. ஸ்ரீ நந்தினி வறட்சி தாங்கும். ஆனால் தோல் வெளுப்பாக இருப்பதால், சிவப்புத் தோலைத் தேடும் சந்தையில் ஒரு படி கீழேதான் விலை பேசுவார்கள்.

ஆரஞ்சுச் சதை ரகங்களில் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 3, ஸ்ரீகாரியத்தின் ஸ்ரீ கனகா, அதே நிறுவனத்திலிருந்து 2017-ல் வந்த பூ சோனா ஆகியவை முக்கியமானவை. பூ சோனாவின் 100 கிராமில், உடலில் வைட்டமின் ஏ-வாக மாறும் பீட்டா கரோட்டின் 14 மில்லிகிராம் இருக்கிறது. வழக்கமான ரகங்களில் 2 முதல் 3 மில்லிகிராம்தான். குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கிடைக்க நம் நிலத்தில் விளையும் மலிவான உணவுகளில் இதுவும் ஒன்று. ஆப்பிரிக்க நாடுகளில் ஆரஞ்சுக் கிழங்கைப் பரப்பியவர்களுக்கு 2016-ல் உலக உணவுப் பரிசு கொடுத்ததும் இதற்காகத்தான். சந்தைப் பக்கம் வந்தால் நிலைமை வேறு. ஆரஞ்சுக் கிழங்கு பொதுவாக ஈரப்பசையோடு, குழைவாக வேகும். உடைத்ததும் மாவு தெரியவில்லையே என்று கிராமச் சந்தையில் ஒதுக்கிவிடுவார்கள். நகரத்துக் கடைகளும், உடல்நலம் பார்த்து வாங்குவோரும், குழந்தை உணவு செய்வோரும் இதை விரும்பிக் கேட்பார்கள். அப்படி ஒரு வாங்குநர் கையில் இல்லாமல் ஒரு ஏக்கர் முழுக்க ஆரஞ்சு போடுவதை நாங்கள் ஆதரிக்க மாட்டோம். கால் ஏக்கர் போட்டுப் பழக்கலாம்.

ஊதாச் சதைக்கு பூ கிருஷ்ணா. 100 கிராமில் சுமார் 90 மில்லிகிராம் ஆந்தோசயனின் நிறமி உண்டு. உவர் நிலத்தையும் ஓரளவு தாங்கும் என்பதால் கடலோர விவசாயிகள் கவனிக்கத்தக்கது. இதை விற்கும்போது வாங்குபவரிடம் சமையல் முறையையும் சொல்லிக் கொடுப்பது அவசியம். தண்ணீரில் அமிழ்த்தி வேகவைத்தால் நிறம் தண்ணீரோடு போகும். ஆவியில் வேகவைக்க வேண்டும். மாவாக்கி ஆப்பசோடா சேர்த்துப் பலகாரம் செய்தால் நீலமும் பச்சையும் கலந்து மாறும், ஏனென்றால் சோடாவின் காரத்தன்மை பட்டால் அந்த நிறமி மாறிவிடும். புளித்த மாவில் சேர்த்தால் நிறம் நன்றாக நிற்கும். இந்த விவரம் தெரியாமல் ஒரு பேக்கரிக்காரர் ஒருமுறை வாங்கினால் மறுமுறை வாங்க மாட்டார்.

விளைச்சலில் பூ சோனாவும் பூ கிருஷ்ணாவும் எக்டேருக்கு 18 முதல் 20 டன். நல்ல வெள்ளை ரகங்கள் 20 முதல் 25 டன். ஏக்கருக்கு என்றால் 7 முதல் 10 டன் வரை. ரகங்களுக்கிடையே உள்ள இந்த வித்தியாசத்தைவிட, நடுவதற்கு வெட்டியெடுக்கும் கொடியின் தரம் தரும் வித்தியாசம் பெரிது. பக்கத்து வயலில் வாங்கிய நாட்டுக் கொடியை வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப நட்டால் நச்சுயிரி சேர்ந்துகொண்டே போகும். இலையில் பெரிதாக எதுவும் தெரியாது, கிழங்கு மட்டும் வருடா வருடம் சிறுத்துப்போகும்.

நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள்

தமிழ்நாட்டில் இந்தக் கிழங்குக்கு இருக்கும் உறுதியான தேவை பொங்கல். தென்மாவட்டங்களில் சீனிக்கிழங்கு இல்லாமல் பொங்கல் காய்கறி வாங்கி முடிப்பதில்லை. பொங்கல் கடந்ததும் அதே வியாபாரி போனை எடுக்க மாட்டார். அடுத்த எழுச்சி மகா சிவராத்திரி. விரதம் இருப்போர் தேடும் கிழங்கு என்பதால் கர்நாடகமும் வட மாநிலங்களும் அப்போது நிறைய இழுக்கும். வட இந்தியச் சந்தைக்குப் பெலகாவிப் பகுதியிலிருந்து லாரி லாரியாகப் போகிறது. அந்தப் போட்டியையும் கணக்கில் வைக்க வேண்டும்.

சரக்கு ஜனவரி 10 வாக்கில் மண்டியில் இருக்க வேண்டுமென்றால், 110 நாள் ரகத்தை செப்டம்பர் 22-க்குள் நட வேண்டும். 90 நாள் ஸ்ரீ பத்ரா என்றால் அக்டோபர் 12 வரை நேரம் உண்டு. சிவராத்திரி தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். பிப்ரவரி 20 என்று கொண்டால் 110 நாள் ரகத்துக்கு நவம்பர் 2.

கொடிக்கும் நாள் வேண்டும். 60 செ.மீ.க்கு ஒரு பார் (நீளமான மண்மேடு), பாரில் 20 செ.மீ.க்கு ஒரு கொடித்துண்டு என்றால் ஏக்கருக்குச் சுமார் 33,000 துண்டுகள் தேவை. கிழங்கிலிருந்து தொடங்கினால் 125 முதல் 150 கிராம் எடையுள்ள, வண்டு தொடாத கிழங்கு 32 கிலோ எடுத்து, 40 சதுர மீட்டர் நாற்றங்காலில் நட வேண்டும். 40 முதல் 45 நாளில் கொடியை வெட்டி 200 சதுர மீட்டர் இரண்டாம் நாற்றங்காலுக்கு மாற்ற வேண்டும். அங்கே இன்னொரு 45 நாள். ஆக, செப்டம்பர் நடவுக்கு ஜூன் இரண்டாம் மூன்றாம் வாரத்திலேயே வேலை தொடங்கியாக வேண்டும். செப்டம்பரில் கொடி தேடி அலைபவர் கிடைத்ததை நடுவார், பொங்கலைத் தவறவிடுவார்.

துண்டுகளை நுனிப் பக்கத்திலிருந்து 20 முதல் 30 செ.மீ. நீளத்தில் எடுங்கள். முற்றிய அடிக்கொடியில்தான் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டு முட்டையிட்டிருக்கும். வெட்டிய கொடியைக் கட்டாகக் கட்டி இரண்டு நாள் நிழலில் வைத்து நட்டால் வேர் சீக்கிரம் பிடிக்கும்.

இரண்டு பருவத்துக்கும் இடர் வேறு வேறு. பொங்கல் பயிரின் கிழங்கு திரள்வது வடகிழக்குப் பருவமழையில். தண்ணீர் தேங்கினால் வேருக்குக் காற்றில்லாமல் கிழங்கு உள்ளுக்குள் புளித்துப்போகும். தோண்டும்போது பார்வைக்கு நன்றாக இருக்கும், சாக்கில் நான்காம் நாள் நாறும். ஆகவே பாரை 30 செ.மீ. உயரம் எடுத்து, வாய்க்காலை வடிகாலோடு இணைத்துவிட வேண்டும். சிவராத்திரிப் பயிர் முடிவது மழை நின்ற பிறகு. அப்போது மண் வெடிக்கும், வெடிப்பு வழியே கூன்வண்டு இறங்கும். மழைப் பயிருக்கு அழுகல், வெயில் பயிருக்கு வண்டு என்று நினைவில் வைத்துக்கொண்டால் செலவை எங்கே செய்வது என்பது தெளிவாகும்.

உரத்தில் ஒன்று மட்டும்: தழைச்சத்தை அள்ளிப் போட்டால் கொடி ஓடும், கிழங்கு இறங்காது. கிழங்கைத் திரட்டுவது சாம்பல்சத்து. கணுவில் வேர்விட்டுச் சிறு சிறு கிழங்காகச் சிதறாமலிருக்க அவ்வப்போது கொடியைத் தூக்கித் திருப்பிவிடவும்.

கூன்வண்டு: எல்லாக் கணக்கையும் கவிழ்ப்பது

பார்ப்பதற்கு எறும்பு மாதிரி இருக்கும், 6 மி.மீ. நீளம், நீலக்கறுப்பு உடல், சிவந்த கழுத்தும் கால்களும், முன்னால் நீண்ட மூக்கு. இதற்கு மண்ணைத் தோண்டும் திறமை கிடையாது. கிழங்கை அடைய அதற்கு வெடிப்போ, வெளியே தெரியும் கிழங்குத் தலையோ வேண்டும். ஆகவே 30-ம் நாளும் 60-ம் நாளும் மண் அணைப்பதும், கடைசி மாதத்தில் மண் வெடிக்காதபடி லேசாகத் தண்ணீர் கட்டுவதும் மருந்தைவிடப் பயன் தரும். இனக்கவர்ச்சிப் பொறி ஆண் வண்டுகளை மட்டுமே பிடிக்கும். இருந்தாலும் வைக்க வேண்டும், எண்ணிக்கை ஏறுவதை அது முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.

தாக்கிய கிழங்கை வெட்டினால் கறுப்புத் தூள் அடைத்த சுரங்கம் தெரியும், கற்பூரத்தைலம்போல் ஒரு நெடி வரும். புழு தின்றது ஒரு ஓரம்தான் என்றாலும் கிழங்கு தன்னைக் காக்கச் சுரக்கும் கசப்புப் பொருள் பரவிவிடும்; வேகவைத்தாலும் போகாது. மூட்டையில் இப்படிப் பத்துக் கிழங்கு கிடந்தால் மண்டிக்காரர் மொத்த மூட்டைக்கும் விலையை இறக்குவார், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. இன்னொன்று: பூஞ்சணம் பிடித்து அழுகிய கிழங்கை மாட்டுக்குப் போடாதீர்கள். அதில் உண்டாகும் நச்சு மாட்டின் நுரையீரலைத் தாக்கி உயிரையே எடுக்கும். பச்சைக் கொடி நல்ல தீவனம். அழுகல் கிழங்கு குழியில் புதைக்க வேண்டியது.

தோண்டும் வாரம்

முற்றியதா என்று பார்க்க ஒரு கிழங்கைக் குறுக்கே வெட்டுங்கள். வடியும் பால் சீக்கிரம் காய்ந்து வெட்டு வெளுப்பாகவே இருந்தால் தோண்டலாம்; கரும்பச்சையாக மாறினால் இன்னும் பத்து நாள் பொறுக்கலாம்.

தோண்டுவதற்கு ஐந்து முதல் ஏழு நாள் முன்பு கொடியை அறுத்து அப்புறப்படுத்துவது பலர் தவிர்க்கும் வேலை. அதைச் செய்தால் தோல் இறுகும். செய்யாமல் தோண்டினால் கை பட்ட இடமெல்லாம் தோல் உரியும், உரிந்த இடம் அடுத்த நாள் பழுப்பாகும், அந்த வழியே ஈரம் போய்க் கிழங்கு சுருங்கும். மண் இறுகியிருந்தால் இரண்டு மூன்று நாள் முன்பு லேசாக ஒரு தண்ணீர் விடலாம். சேறாகும் அளவுக்கு வேண்டாம். வால்நுனி ஒடியாமல் எடுக்கச் சொல்லி ஆட்களிடம் கண்டிப்பாக இருங்கள். ஒடிந்த நுனிதான் மென்அழுகல் பூஞ்சணம் நுழையும் வாசல். இரண்டு மூன்று நாளில் கிழங்கு கொழகொழவென்று ஆகி, மேலே சாம்பல் நிறத்தில் முடிபோல வளர்ந்து நிற்கும். தோண்டிய கிழங்கை நண்பகல் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வயலில் கிடத்தக் கூடாது.

மண்ணிலேயே விடுவதா, ஆறவைப்பதா, குளிர்கிடங்கா

விலை சரியில்லை என்றால் மண்ணிலேயே விட்டுவிடலாம் என்பது செலவில்லாத யோசனை. பத்து, பதினைந்து நாள் என்றால் சரி. அதற்கு மேல் போனால் வண்டும் நாரும் வெடிப்பும் சேர்ந்து, ஏறிய விலையைத் தின்றுவிடும். அதுவும் பிப்ரவரி, மார்ச்சில் ஒரு வாரம் தாமதித்தாலே இழப்பு கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாவது, காயம் ஆறவைத்தல். அமெரிக்காவின் வடக்குக் கரோலினா விவசாயிகள் ஒரு அறுவடையை வருடம் முழுக்க விற்பதன் அடிப்படை இதுதான்: 29, 30 டிகிரி வெப்பம், 85 முதல் 95 சதவீத ஈரப்பதம், நான்கு முதல் ஏழு நாள். இந்தச் சூழலில் கீறல்களின் மேல் தக்கைபோல் ஒரு புதுத்தோல் கட்டிக்கொள்ளும். நமக்கு ஜனவரியில் பகல் வெப்பம் கிட்டத்தட்ட இதே அளவில் இயற்கையாகவே இருக்கிறது. குறைவது ஈரப்பதமும் கட்டுப்பாடும். நிழற்கொட்டகையில் கிழங்கைக் கழுவாமல், மண்ணை உதிர்த்து, இரண்டடிக்கு மேல் உயராமல் குவித்து, கிழங்கில் படாதபடி சுற்றிலும் நனைத்த சாக்கு கட்டி, மேலே காற்றுக்கு வழி விடுங்கள். பிளாஸ்டிக் தாளைப் போர்த்தினால் வேர்த்து அழுகும். ஆறாம் நாள் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள்: தோல் வழுகாமல், கீறல் காய்ந்து கெட்டியாக இருந்தால் வேலை முடிந்தது. ஏப்ரல், மே மாதத்தில் இதை முயலவே வேண்டாம். 35 டிகிரியைத் தாண்டினால் காயம் ஆறுவதற்குப் பதில் கிழங்கு வேகமாக மூச்சுவிட்டு வற்றும்.

ஆறவைத்த கிழங்கை இருட்டான, குளுமையான அறையில் காய்ந்த மணல் ஒரு அடுக்கு, கிழங்கு ஒரு அடுக்கு என்று வைத்தால் ஒரு மாதம்வரை ஓட்டலாம். இந்த நாட்களில் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறுவதால் இனிப்பு கூடும். தோண்டிய அன்றே வேகவைத்தால் மாவு அதிகம், இனிப்பு குறைவு. மாவு கேட்கும் வாடிக்கையாளருக்குப் புதுக்கிழங்கும், சுட்டு விற்பவருக்கு ஆறிய கிழங்கும் கொடுப்பது சரியான பங்கீடு.

மூன்றாவது, குளிர்கிடங்கு. இங்கே நடக்கும் தவறு ஒன்று, மொத்தச் சரக்கையும் அழிக்கக்கூடியது. உருளைக்கிழங்கு வைக்கும் கிடங்கு 2 முதல் 4 டிகிரியில் ஓடும். சர்க்கரைவள்ளிக்கு 13 முதல் 15 டிகிரி வேண்டும். 12-க்குக் கீழே போனால் குளிர்க்காயம்: வெளியே நன்றாக இருக்கும், வேகவைத்தால் நடுவில் கட்டையாகவே நிற்கும், வெளியே எடுத்த சில நாளில் அழுகும். 16-ஐத் தாண்டினால் முளைவிடும். வீட்டு ஃபிரிட்ஜில் பச்சைக் கிழங்கை வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான். 14 டிகிரிக்குத் தனி அறை தரும் கிடங்கு கிடைத்தால், அதுவும் வாழைப்பழத்தோடு சேர்த்து வைக்காமல் தந்தால், ஆறவைத்த நல்ல கிழங்கு பல மாதம் நிற்கும். ஆனால் ஒரு ஏக்கர்காரருக்கு அந்த வாடகை கட்டுபடியாவது அரிது. பல விவசாயிகள் சேர்ந்த உற்பத்தியாளர் நிறுவனத்துக்கே அது பொருந்தும்.

ஒரு சின்னக் கணக்கு. இன்று கிலோ 20 ரூபாய், கையில் ஒரு டன் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வாரம் வைத்து எடை வற்றலும் அழுகலும் சேர்ந்து 15 சதவீதம் போய், கூலி 1,500 ரூபாய் ஆனால், மிச்சம் 850 கிலோ. கிலோ 25 ரூபாய் 30 காசுக்கு விற்றால்தான் இன்றைய பணமே கைக்கு வரும். மூன்று வாரத்தில் கால் பங்குக்கு மேல் விலை ஏறும் என்று உறுதியாகத் தெரிந்தால் வையுங்கள். பொங்கலுக்குப் பிந்தைய வாரத்தில் அந்த உறுதி யாருக்கும் கிடையாது.

ஆகவே எங்கள் தெரிவு, சேமிப்பதைவிடப் பிரித்து நடுவது. ஒரு ஏக்கரை மூன்றாக்கி, இரண்டு பங்கு பொங்கலுக்கு, ஒரு பங்கு சிவராத்திரிக்கு. இதிலும் ஒரு கண்ணி உண்டு: முதல் பாத்தியின் வண்டு இரண்டாம் பாத்திக்கு நடந்தே போகும். பிந்திய நடவை முந்தியதன் பக்கத்திலேயே வைக்காமல், இடையில் மக்காச்சோளமோ உளுந்தோ விட்டு எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். முதல் பாத்தியைத் தோண்டிய அன்றே துண்டுக் கிழங்கையும் அடிக்கொடியையும் பொறுக்கி அழித்துவிடுங்கள்.

யாரிடம் விற்பது

மண்டி எல்லா அளவையும் எடுக்கும், அன்றே கணக்கு முடியும், கமிஷனும் எடைக்கழிவும் போகும். நகரத்துப் பல்பொருள் அங்காடி கேட்பது 150 முதல் 350 கிராம், நேர்வடிவம், கீறலில்லாத தோல். விலை கூட, ஆனால் அவர்கள் வேண்டாமென்று தள்ளும் சரக்கு உங்கள் தலையில். அரைக் கிலோவுக்கு மேல் போன பெருங்கிழங்கை இரு இடத்திலும் விரும்ப மாட்டார்கள். சிப்ஸ், மாவு செய்வோருக்கு அதுதான் வசதி, உரிக்கும் கூலி குறையும். வயலிலேயே மூன்று தரமாகப் பிரித்துவிட்டால் ஒவ்வொன்றும் அதற்குரிய விலைக்குப் போகும். கலந்து அனுப்பினால் எல்லாமே கடைசித் தரத்தின் விலைக்குப் போகும்.

50 கிலோ சாக்கு மூட்டை மலிவு, ஆனால் லாரியில் அடியில் கிடப்பதன் நுனியெல்லாம் ஒடியும். அன்றே விற்றுத்தீரும் உள்ளூர்ச் சந்தைக்குச் சாக்கு போதும். அங்காடிக்கும் தொலைதூரத்துக்கும் 20 கிலோ பிளாஸ்டிக் கிரேட். சில ஊர்களில் கழுவிப் பளபளப்பாகக் கேட்பார்கள். விற்கும் அன்று காலை மட்டும் கழுவி, நிழலில் ஈரம் உலர்த்தி அனுப்புங்கள். முந்தைய நாளே கழுவி மூட்டை கட்டினால் அழுகலை நீங்களே ஏற்றி அனுப்புகிறீர்கள்.

ஆரஞ்சோ ஊதாவோ போடுவதாக இருந்தால், கொடியை வெட்டும் முன்பே வாங்குநரிடம் அளவு, வாரத்துக்கு எத்தனை கிலோ, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எதைத் தள்ளுவார்கள் என்ற நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாரம் 300 கிலோ எடுப்பவருக்கு ஒரே நாளில் மூன்று டன் தோண்டினால் மீதி மண்டிக்குத்தான் போகும், அங்கே ஆரஞ்சுக்கு வெள்ளையின் விலைகூடக் கிடைக்காது.